பெண்கள் அணிக்கு ஃபிஃபா லெவன் பிளஸ்: அந்த 20 நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்

கால்பந்தில் முழங்கால் ஜவ்வு, அதாவது ஏசிஎல், கிழியும் அபாயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். பெரும்பாலும் யாரும் இடித்துக் கிழிவதில்லை. ஓடிவந்து சட்டென்று நிற்கும்போதோ, திசை மாறும்போதோ, எகிறி ஒற்றைக் காலில் இறங்கும்போதோ முழங்கால் உள்பக்கம் சரிகிறது, ஜவ்வு போய்விடுகிறது. அறுவை சிகிச்சை செய்தால் மைதானத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது பிடிக்கும். பதினைந்து வயதில் அந்த இடைவெளி விழுந்தால் பலர் திரும்புவதே இல்லை. அதனால்தான் காசு செலவில்லாமல் கிடைக்கும் லெவன் பிளஸ் என்ற 20 நிமிட வார்ம்அப்பை, அதாவது ஆடுவதற்கு முன் உடலைத் தயார்படுத்தும் பயிற்சித் தொகுப்பை, பெண்கள் அணி நடத்தும் எவரும் கட்டாயம் கையில் எடுக்க வேண்டும் என்கிறோம்.

ஃபிஃபாவின் மருத்துவ ஆய்வுப் பிரிவு, ஆஸ்லோவில் உள்ள விளையாட்டுக் காய ஆய்வு மையம் உள்ளிட்ட குழுக்களோடு சேர்ந்து 2006இல் உருவாக்கியது இது. விளையாட்டு மருத்துவத்தில் பெரும்பாலான ஆய்வுகள் ஆண்களை வைத்தே நடந்திருக்க, இதன் பெரிய சோதனை 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் நடந்தது. நார்வேயில் 125 கிளப்புகள், 1,892 வீராங்கனைகள், ஒரு சீசன். 2008இல் வெளியான முடிவின்படி மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், கடுமையான காயங்கள் பாதியளவுக்கும் குறைந்தன. கால் காயங்களை மட்டும் தனியே பார்த்தால் குறைவு அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதன் முந்தைய வடிவம் அதே நாட்டில் சுமார் 2,000 பெண்களிடம் சோதிக்கப்பட்டபோது எந்தப் பலனும் தெரியவில்லை. அப்போது பல அணிகள் அதை ஒழுங்காகச் செய்யவே இல்லை. ஆக, கிடைக்கும் பலன் நாம் எவ்வளவு விடாமல் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது.

மொத்தம் 15 பயிற்சிகள், மூன்று பகுதிகள். முதல் பகுதி 8 நிமிட மெது ஓட்டம். 5 அல்லது 6 மீட்டர் இடைவெளியில் ஆறு ஜோடி கோன் வைத்து, இருவர் இருவராக ஓடி, இடுப்பை வெளிப்பக்கமும் உள்பக்கமும் திருப்புவது, தோழியைச் சுற்றி வருவது, தோளோடு தோள் மோதுவது என்று போகும். கடைசிப் பகுதி 2 நிமிட வேக ஓட்டம்.

நடுவில் வரும் 10 நிமிடம்தான் இதன் உயிர். பிளாங்க் (முழங்கைகளை ஊன்றி உடலை நேராகத் தாங்குவது), பக்கவாட்டு பிளாங்க், தொடைப் பின்தசைப் பயிற்சி, ஒற்றைக்கால் சமநிலை, ஸ்குவாட் (முழங்காலை மடக்கித் தாழ்ந்து எழுவது), குதித்தல் என ஆறு. ஒவ்வொன்றிலும் மூன்று நிலைகள். பின்தசைப் பயிற்சியில்தான் அதிகம் சொதப்புகிறது. மண்டியிட்டிருப்பவரின் கணுக்காலைத் தோழி அழுத்திப் பிடிக்க, தலையிலிருந்து முழங்கால் வரை ஒரே கோடாக வைத்து மெல்ல முன்னால் சாய வேண்டும். இடுப்பை மடக்கிவிட்டால் பின்தசைக்கு வேலையே இல்லை. தொடக்கத்தில் 3 முதல் 5 தடவை போதும். ஆர்வத்தில் முதல் நாளே 10, 12 என்று போனால் மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும். அடுத்த பயிற்சியில் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள், ஒரே வாரத்தில் அது பட்டியலிலிருந்தே காணாமல் போய்விடும்.

குதிக்கும் பயிற்சியின்போது பயிற்சியாளர் பக்கத்திலிருந்து பார்க்கக் கூடாது, எதிரே நிற்க வேண்டும். இடுப்பு, முழங்கால், பாதம் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்பது எதிரேயிருந்துதான் தெரியும். முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கிச் சரிந்தால் அந்தப் பெண்ணை அடுத்த நிலைக்கு ஏற்றாதீர்கள். தரையில் பாதம் ‘தொப்’பென்று விழும் சத்தமும் ஓர் எச்சரிக்கைதான்.

வாரம் இரண்டு முறையாவது செய்ய வேண்டும். ஆட்டத்துக்கு முன் முதல் பகுதியும் மூன்றாம் பகுதியும் மட்டும். 14 வயதுக்குக் கீழே என்றால், 7 முதல் 13 வயதுக்கென்றே இருக்கும் ஏழு பயிற்சிகள் கொண்ட கிட்ஸ் வடிவத்தை எடுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. பந்து காலில் படும் நேரம் மிகக் குறைவு. ஓரிரு மாதத்தில் சலிப்புத் தட்டும். நிலைகளை ஆளுக்கு ஆள் மாற்றிக்கொடுத்தால் கொஞ்சம் தாங்கும்.

பெரிய தடை வேறு. ஆண்கள் அணி முடித்த பிறகு மிஞ்சும் 45 நிமிடமும் பாதி மைதானமும் தருகிறார்கள் என்றால், எந்தப் பயிற்சியாளரும் முதலில் வெட்டுவது வார்ம்அப்பைத்தான். காயத்துக்கு அதிகம் ஆளாகிறவர்களுக்கே அதைத் தடுக்கும் நேரமும் இல்லாமல் போகிறது. முழு நேரம் கிடைக்கும்வரை ஒரு வழி உண்டு: முதல் பகுதிக்கு எல்லைக்கோட்டுக்கு வெளியே 30 மீட்டர் நீளப் பட்டை போதும், முன்னால் ஆடும் அணி முடிப்பதற்குள் அதைச் செய்துவிடலாம். நடுப்பகுதியைப் பயிற்சியின் கடைசிக்குத் தள்ளலாம். ஆண்கள் அணிகளில் நடந்த 2019 ஆய்வொன்றில், இப்படி மாற்றியபோது பயிற்சியை விடாமல் செய்தவர்கள் கூடினார்கள். ஆனால் கிளப் நிர்வாகத்திடம் நேர அட்டவணையைக் கேட்கும்போது இந்தச் சமாளிப்பைக் கணக்கில் காட்டாதீர்கள். 20 நிமிட வார்ம்அப்பையும் சேர்த்தே, ஆண்கள் அணிக்குக் கொடுக்கும் அதே நேரத்தைக் கேளுங்கள்.