கிளட்ச் மோட்டாரா, சர்வோவா? எங்கள் ஷூ அப்பர் தையல் யூனிட்டில் பார்த்தது

போன ஆடியில் எங்கள் யூனிட்டின் எட்டு போஸ்ட் பெட் (தூண் மாதிரி உயர்ந்த மேடையில் வைத்துத் தைக்கும்) தையல் மெஷின்களில் ஆறுக்கு சர்வோ மோட்டார் மாட்டினோம். மீதி இரண்டில் பழைய கிளட்ச் மோட்டாரே ஓடுகிறது. நாங்கள் இருப்பது பேரணாம்பட்டு. ஆம்பூர் கம்பெனிகளுக்கு ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைத்துக் கொடுக்கிறோம். 2019இல் மாவட்டம் பிரிந்து ஆம்பூர் திருப்பத்தூரோடு போய்விட்டது, ஆனாலும் வேலை அங்கிருந்துதான் வருகிறது. குடியாத்தம் பக்கம் புதிதாக யூனிட் போடுகிறவர்கள் "எதை வாங்கலாம் அக்கா?" என்று கேட்கிறார்கள். என் பதில் சர்வோதான்.

எல்லோரும் முதலில் கேட்பது கரண்டும் சத்தமும். கிளட்ச் மோட்டார் ஸ்விட்ச் போட்டது முதல் நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்கும், தைத்தாலும் சரி, நூல் கோத்தாலும் சரி. சர்வோ பெடலை மிதித்தால்தான் சுழலும். அதனால் கரண்டும் மிச்சம், சத்தமும் குறைவு. முழங்காலுக்குப் பக்கத்தில் மோட்டார் சூடு அடிப்பதும் நின்றுவிடும். நம்மூர் அக்னி நட்சத்திரத்தில் அதுவே பெரிய ஆறுதல். விலை சர்வோவுக்குக் கூடத்தான்.

ஆனால் நான் மாற்றியது காலுக்காக. பன்னிரண்டு வருடம் கம்பெனியில் கிளட்ச் மெஷினில் உட்கார்ந்து தைத்தவள் நான். டோ கேப் (ஷூவில் கால்விரலை மூடும் முன்பகுதி) வளைவில் மெதுவாகத் தைக்க வேண்டும். மோட்டாரோ முழு வேகத்தில் சுற்றுகிறது. அதனோடு கிளட்ச் தட்டு பாதி ஒட்டியும் ஒட்டாமலும் உரசும்படி பாதத்தை அந்தரத்தில் நிறுத்தினால்தான் வேகம் குறையும். ஒரு நூல் அளவு கூடுதலாக அழுத்திவிட்டால் மெஷின் பாய்ந்துவிடும். துணி என்றால் பிரித்துத் தைக்கலாம், தோலில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான், அந்தத் துண்டே போயிற்று. இந்தப் பயத்தில் கால் நாள் முழுக்க விறைத்தபடியே இருக்கும். சாயங்காலம் கெண்டைக்கால் கல் மாதிரி ஆகிவிடும், ராத்திரி நரம்பு இழுக்கும்.

சர்வோவில் பாதம் முழுதும் பெடலில் படிந்திருக்கலாம். அழுத்தும் அளவுக்கேற்ப மோட்டாரே மெதுவாகச் சுற்றும். அதிகபட்ச வேகத்தையும் மோட்டாரின் கன்ட்ரோல் பாக்ஸில் குறைத்து வைக்கலாம். புதிதாகப் பழகும் பெண்ணுக்கு அப்படி வைத்துக் கொடுத்தேன், பத்தே நாளில் பயம் தெளிந்துவிட்டது.

இதோடு ஊசி நிற்கும் இடம். மூலையில் அப்பரைத் திருப்ப வேண்டுமானால் ஊசி தோலுக்குள் இறங்கி நிற்க வேண்டும். கிளட்சில் ஒவ்வொரு தடவையும் வலது கையை எடுத்து வீலைச் சுற்றி ஊசியை இறக்குவோம். எனக்குத் தோள்பட்டை வலி வந்தது அப்படித்தான். ஹேண்ட் வீலில் சென்சார் உள்ள சர்வோவில் காலை எடுத்ததும் ஊசி கீழேயே நிற்கும், கை வேலையைவிட்டு நகராது. குதிகாலால் பின்னுக்கு அழுத்தினால் ஊசி மேலே வந்துவிடும். விலை குறைவு என்று சென்சார் இல்லாத சர்வோவை வாங்காதீர்கள், பாதிப் பலன் போய்விடும்.

கிளட்ச் ஜெயிப்பது ரிப்பேரில். கிளட்ச் தட்டில் உரசும் கார்க் தேய்ந்தால் மாற்றலாம், காயில் எரிந்தால் உள்ளூரிலேயே சுற்றித் தருவார்கள். சர்வோவில் எலக்ட்ரானிக் போர்டு போனால் கதை வேறு. ஐப்பசியில் இடி மின்னலோடு மழை பெய்த ஒரு நாள் எங்களுக்கு ஒரு போர்டு எரிந்தது. புது போர்டு கைக்கு வர ஐந்து நாள். அதுவரை அந்த மெஷினில் கழற்றிப்போட்ட கிளட்ச் மோட்டாரையே ஏற்றி ஓட்டினோம், இரண்டுக்கும் அதே மூன்று போல்ட்டுதான். அப்புறம் ஸ்டெபிலைசர் வைத்தோம், மழை இருட்டினால் மெயினை அணைத்துவிடுகிறோம். ஒரு வருடத்தில் இந்த ஒரு செலவுதான். கிளட்ச் மாதிரி பதினைந்து வருடம் உழைக்கும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு இன்னும் நான் ஓட்டிப் பார்க்கவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மோட்டாரை மாற்றியும் இரண்டு பேருக்கு இடுப்பு வலி விடவில்லை. குனிந்து பார்த்தால் பெடல் மேசைக்கு அடியில் வெகுதூரம் உள்ளே இருந்தது. அதை எட்ட ஸ்டூல் நுனியில் உட்கார்ந்து முன்னால் சாய்ந்து தைத்திருக்கிறார்கள். பெடலை வெளியே இழுத்து, பெடலை மோட்டாரோடு இணைக்கும் கம்பியின் நீளத்தைச் சரிசெய்து, முதுகுச் சாய்வுள்ள நாற்காலி போட்ட பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இதற்கு மோட்டார் எதுவானாலும் ஒன்றுதான்.

மிச்சமிருக்கும் இரண்டு கிளட்ச் மெஷினில் இப்போது நேர்த்தையல் மட்டும் கொடுக்கிறேன், அதுவும் வாரம் ஒருவராக முறை மாற்றி. அடுத்த பில் பணம் வந்ததும் அவற்றையும் மாற்றிவிடுவேன். பழைய மோட்டார்களில் ஒன்றை மட்டும் பெல்ட்டோடு துடைத்து ஸ்டோரில் வைத்திருப்பேன், விற்க மாட்டேன்.