ஜெனீவா 1979, ஜெனீவா 1989, நடுவில் ஒரு விமானப் பாதை

1975இல் போர் முடிந்தபின் வியட்நாம், கம்போடியா, லாவோஸிலிருந்து மக்கள் படகிலும் தரைவழியிலும் தப்பி ஓடிக்கொண்டிருந்தார்கள். 1979 ஜூனில், தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் அன்றைய ஐந்து உறுப்பு நாடுகளும் கையை விரித்துவிட்டன: இனி புதிதாக ஒரு அகதியைக்கூட ஏற்க மாட்டோம். கணக்கு அப்படி இருந்தது. முகாமிலிருந்து ஒருவர் அமெரிக்காவுக்கோ பிரான்சுக்கோ கிளம்பினால், புதிதாக மூன்று பேர் வந்து இறங்கினார்கள். மலேசியாவின் திரெங்கானு கரைக்கு எதிரே பூலாவ் பிடோங் என்ற குட்டித் தீவில் மட்டும் சுமார் 40,000 வியட்நாமியர்கள். அதே மாதம் தாய்லாந்து ராணுவம் 40,000க்கும் அதிகமான கம்போடியர்களைப் பேருந்துகளில் ஏற்றிப்போய், கம்போடிய எல்லையில் பிரே விஹியர் மலைச்சரிவில் கண்ணிவெடிகளுக்கு நடுவே இறக்கி விரட்டியது.

இந்தச் சிக்கலை அவிழ்க்க மூன்று வழிகள் முயலப்பட்டன. மூன்றையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்பதில்லை. வைத்தால் சில விஷயங்கள் உறுத்துகின்றன.

முதல் வழி, 1979 ஜூலையில் ஐ.நா. பொதுச்செயலர் குர்ட் வால்ட்ஹைம் ஜெனீவாவில் கூட்டிய மாநாடு. 65 நாடுகள் வந்தன. பேரம் எளிது: நீங்கள் கரையை மூடாதீர்கள், நாங்கள் விசாவைத் திறக்கிறோம். மேலை நாடுகள் ஏற்பதாகச் சொன்ன எண்ணிக்கை 1,25,000லிருந்து 2,60,000 ஆனது. வெறும் வாக்குறுதியாகவும் நின்றுவிடவில்லை. அடுத்த மூன்று ஆண்டுகளில் 6,23,800 பேர் மூன்றாம் நாடுகளில், அதாவது சொந்த நாடும் அல்லாத, முதலில் கரையேறிய நாடும் அல்லாத நாடுகளில், குடியேறினார்கள். ராஜதந்திர மாநாடுகளில் சொன்னதைவிட அதிகம் செய்வது அபூர்வம், அதனால் இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

ஆனால் அந்தப் பேரத்துக்கு இன்னொரு கால் இருந்தது. படகுகள் கிளம்பாமல் தடுக்க வியட்நாம் ஒப்புக்கொண்டது. நாட்டைவிட்டு வெளியேறுவது மனித உரிமை என்று முழங்கியவர்களே, வெளியேறுகிறவர்களைப் பிடித்து வையுங்கள் என்று ஹனோயிடம், அதாவது வியட்நாம் அரசிடம், கேட்டார்கள். படகு வரத்து குறைந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

பத்தாண்டு கழித்துப் படகுகள் மறுபடியும் பெருகின. ஹாங்காங் 1988 ஜூன் 16 முதல் வந்தவர்களை எல்லாம் விசாரணைக்கு உட்படுத்தியது. இரண்டாம் வழி, 1989 ஜூனில் மறுபடியும் ஜெனீவாவில் கூடிய மாநாட்டில் பிறந்த விரிவான செயல்திட்டம். அது இதையே பொதுவிதியாக்கியது: ஒவ்வொருவரையும் விசாரித்து, அகதி என்று தேறினால் மூன்றாம் நாடு, தேறாவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான். மற்ற நாடுகள் பெரும்பாலானவற்றில் 1989 மார்ச் 14 எல்லைக்கோடு. ஒரே ஊர்க்காரர்கள் இருவரில் ஒருவர் அதற்கு முன் வாரம் கரையேறியிருந்தால் கேள்வி இல்லாமல் வெளிநாடு. பின் வாரம் வந்தவருக்கு மொழிபெயர்ப்பாளர் மூலம் ஒரு நேர்காணல், அதில்தான் தலையெழுத்து.

எண்களை மட்டும் பார்த்தால் திட்டம் ஜெயித்தது. 1989இல் சுமார் 70,000 வியட்நாமியர் புகலிடம் தேடினார்கள். 1992இல் வெறும் 41 பேர். ஏறத்தாழ 1,09,000 பேர் திரும்பிப் போனார்கள். ஆனால் 1989 டிசம்பர் 12 அன்று விடியுமுன் ஹாங்காங் 51 பேரைக் கட்டாயமாக விமானம் ஏற்றியதை எந்த வெற்றிக் கணக்கில் எழுதுவது? 1996இல் திட்டம் முடிந்தபோது, மிச்சமிருந்தவர்களைப் பலவந்தமாக அனுப்பாமல் தங்கிக்கொள்ள விட்டது பிலிப்பைன்ஸ். பணக்கார நாடு ஒன்றும் அதைச் செய்யவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மூன்றாவது வழியைப் பற்றிப் பேச்சே குறைவு. 1979 மே 30 அன்று, முதல் மாநாட்டுக்கும் முன்பே, ஐ.நா. அகதிகள் ஆணையமும் வியட்நாமும் போட்ட உடன்பாடு: முறையான வெளியேற்றத் திட்டம். படகு வேண்டாம், கடற்கொள்ளையர் பயம் வேண்டாம், நேராக விமானம். ஆண்டுகள் செல்லச்செல்ல 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படிப் போனார்கள். என்னைக் கேட்டால் இதற்குத்தான் முதல் இடம். ஒருவரும் மூழ்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. யாருக்குப் பயந்து ஓட நினைக்கிறாரோ, அவர்களிடமே போய் அனுமதிச் சீட்டு கேட்க வேண்டும். ஹனோய் ஒரு பட்டியல் வைத்திருக்கும், ஏற்கும் நாடு ஒரு பட்டியல் வைத்திருக்கும். இரண்டிலும் பெயர் இருந்தால்தான் பயணம். தொடக்கத்தில் இரண்டும் ஒத்துப்போனதே குறைவு. படகுகள் கடலில் இல்லாதிருந்தால் இந்த உடன்பாட்டுக்கே ஹனோயும் வாஷிங்டனும் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள் என்பதும் கசப்பான உண்மை. பழைய தென் வியட்நாம் அரசின் அதிகாரிகளையும் ராணுவத்தினரையும் அடைத்துவைத்த மறுகல்வி முகாம்களில் மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ அடைபட்டிருந்தவர்கள் குடும்பத்தோடு அமெரிக்கா போக 1989 ஜூலையில்தான் இரு அரசுகளும் உடன்பட்டன. அதற்குள் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்து 14 ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன.