மார்கழிப் பட்டியல்கள்: படிப்பகத்துக்கு எவ்வளவு உதவும்?

மார்கழி பிறந்ததும் பதிப்பகங்களின் பட்டியல்கள் வாட்ஸப்பில் கொட்டத் தொடங்கிவிடும். சென்னைப் புத்தகக் காட்சிக்கு வரவிருக்கும் நூல்களின் அட்டைப்படம், விலை, முன்பதிவுச் சலுகை எல்லாம் அதில் இருக்கும். திருவொற்றியூரிலிருந்து நந்தனம் போய்க் கடை கடையாக அலைவதற்குமுன் எதைத் தேடுவது என்று தெரிந்துவிடுகிறது. அந்த அளவுக்கு நல்ல சேவைதான். ஆனால் வட சென்னையில் படிப்பகமோ பள்ளி நூலகமோ பார்த்துக்கொள்கிறவர் இதை மட்டும் வைத்துப் பணம் கட்டக் கூடாது.

முதல் கோளாறு, ‘புதிய வெளியீடு’ என்ற சொல். பல நேரம் அது மறுபதிப்புதான். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்த நூல்களையும் நாட்டுடைமையான நூல்களையும் யாரும் அச்சிடலாம். அதனால்தான் ‘பொன்னியின் செல்வன்’ இத்தனை அட்டைகளில் கிடைக்கிறது. அவற்றில் சுருக்கப் பதிப்புகளும் உண்டு. ஏற்கெனவே வந்த நூலா என்று தெரிய, ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணை ஒப்பிட்டால் போதும் என்று நினைத்தால் ஏமாறுவோம். பதிப்பகம் மாறினாலும் கெட்டி அட்டை, சாதா அட்டை என்று மாறினாலும் அந்த 13 இலக்க எண் மாறிவிடும். பதிப்பு விவரம் அச்சான பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதல் பதிப்பு எந்த ஆண்டு, மொத்தம் எத்தனை பக்கம், மொழிபெயர்ப்பு என்றால் யார் செய்தது, மூலத்திலிருந்தா ஆங்கிலம் வழியா என்பதெல்லாம் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது.

பைண்டிங் பற்றியும் பட்டியல் வாய் திறக்காது. 400 பக்கத்துக்கு மேல் போனால் தைத்ததா, வெறும் பசையா என்று கேட்டே ஆக வேண்டும். பசை மட்டும் போட்ட தடித்த புத்தகம் பத்துக் கை மாறினால் முதுகு பிளந்து தாள் உதிரும். சிறுவர் நூலுக்கு உள்பக்கம் ஒன்றைக் கேளுங்கள். அட்டையில் யானை, உள்ளே எறும்பெழுத்து!

வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் அதிகம் கேட்கப்படுவது டிஎன்பிஎஸ்சி, காவலர் தேர்வு கைடுகள். இவற்றை முன்பதிவு செய்யவே வேண்டாம். குரூப் 4 தேர்வில் 200 வினாக்களில் 100 தமிழிலிருந்து வருபவை. இப்படிப்பட்ட தேர்வின் பாடத்திட்டம் மாறினால் பழைய கைடு அலமாரியை அடைப்பதோடு சரி. அறிவிக்கை வந்தபின் பாடத்திட்டத்தோடு பொருளடக்கத்தை ஒத்துப்பார்த்து இரண்டு பிரதி வாங்கலாம்.

என்ன வருகிறது என்பதற்குப் பட்டியல். வாங்கத் தகுந்ததா என்பதற்கு ‘புத்தகம் பேசுது’, ‘உங்கள் நூலகம்’ போன்ற இதழ்கள். முன்னது பாரதி புத்தகாலயம், பின்னது நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் என்ற பதிப்பகங்களிலிருந்து வருபவை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

10,000 ரூபாய் கையில் இருந்தால் முன்பதிவுக்கு 3,000 போதும். அதுவும் சலுகை 10 சதவீதத்தைத் தாண்டினால் மட்டும். 10 சதவீதத் தள்ளுபடி காட்சியிலேயே கிடைக்கும். கூரியர் செலவையும் கழித்துப் பாருங்கள். மீதிப் பணத்தில் பாதியைப் பங்குனி வரை தொடாதீர்கள். தை மாதம் வருவதாகச் சொன்ன புத்தகங்களில் சில அப்போதுதான் அச்சகத்தை விட்டு வெளியே வரும்.