வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஆடிட்டர்: பாலக்காட்டில் ஓர் அலுவலகம்

கொழிஞ்சாம்பாறையில் எங்களுக்குக் கொப்பரைக் களம். கணக்கு வழக்கெல்லாம் என் பொறுப்பு. கொச்சியிலுள்ள வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் எங்களுக்குப் பாதகமாக உத்தரவு வந்தது. 2016 நோட்டு மாற்றத்தின்போது வங்கியில் கட்டிய ரொக்கத்துக்கு நாங்கள் சொன்ன விளக்கத்தைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. அதே தீர்ப்பாயத்தில் திருத்த மனு போட்டால் முழு உத்தரவையும் மாற்றிவிடலாம், நான்கு ஆண்டு அவகாசம் இருக்கிறது என்று வேறொரு வரி ஆலோசகர் மாமனாருக்கு ஆசை காட்டி, முன்பணமும் கேட்டார்.

பாலக்காட்டு ஆடிட்டர் முதலில் அந்த ஆசையை அறுத்தார். நான்கு ஆண்டு என்பது பழைய கதை. 2016 ஜூன் முதல், உத்தரவு பிறந்த மாதம் முடிந்து ஆறு மாதம்தான். வருமான வரிச் சட்டத்தின் 254(2) பிரிவு தீர்ப்பாயத்துக்குத் தருவது வழக்குப் பதிவேட்டிலேயே பளிச்சென்று தெரியும் பிழையைத் திருத்தும் அதிகாரம் மட்டுமே. நீண்ட வாதம் செய்து நிலைநாட்ட வேண்டியது அந்தப் பிழையில் சேராது என்று வோல்கார்ட் பிரதர்ஸ் வழக்கில் 1971-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021 டிசம்பரில் ரிலையன்ஸ் டெலிகாம் வழக்கில் இன்னும் கறாராகச் சொன்னது: தீர்ப்பு தவறாகவே இருந்தாலும், தீர்ப்பாயம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்று வழக்கை மறுபடி அலசக் கூடாது, உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். "ரொக்கத்தை அவர்கள் நம்பவில்லை அம்மிணி, அது அவர்கள் முடிவு. அதைப் பிழை என்று மனுவில் எழுதி உங்களிடம் பணம் வாங்க மாட்டேன்" என்றார்.

பிறகு அவர் செய்ததுதான் என் மனத்தில் நிற்கிறது. எங்கள் மேல்முறையீட்டுப் படிவம் 36-ஐயும் உத்தரவையும் அருகருகே வைத்து, நாங்கள் எழுப்பிய ஒவ்வொரு மேல்முறையீட்டுக் காரணத்துக்கும் விடை இருக்கிறதா என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தார். நான்காவதில் பென்சில் நின்றது. கொப்பரை உலர்த்தும் எந்திரத்தின் தேய்மானம் பற்றி நாங்கள் எழுப்பியிருந்தோம். உத்தரவில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுப்பிய காரணத்தைத் தீர்மானிக்காமல் விட்டது பதிவேட்டில் தெரியும் பிழை. அதற்கு மட்டும், 50 ரூபாய் மனுக் கட்டணத்தில், இரண்டே பக்க மனு. தீர்ப்பாயமும் அந்த ஒன்றை மட்டும் மீண்டும் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

ரொக்க விவகாரத்துக்கு உயர் நீதிமன்றம் போக 120 நாள்தான், அதுவும் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டும் என்பதையும், திருத்த மனு நிலுவையில் இருப்பதை நம்பி அந்த நாளைத் தவறவிடக் கூடாது என்பதையும் அன்றே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

குறை என்றால், தொலைபேசியை எடுப்பதே அபூர்வம். நேரில்தான் போக வேண்டும். மாடிப்படி செங்குத்து, மாமனாரைக் கைப்பிடித்து ஏற்ற வேண்டியிருந்தது. கட்டணத்தை முதல் நாளே சொல்லிவிடுகிறார், ரசீதும் தருகிறார். சித்தூர், வேலந்தாவளம் பக்கம் தீர்ப்பாய உத்தரவை வைத்துக்கொண்டு குழம்பி நிற்கும் வியாபாரிகள் தயங்காமல் போகலாம். உத்தரவோடு படிவம் 36-இன் நகலையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.