புயலின் வலிமை: செயற்கைக்கோள் மதிப்பீடும் விமான அளவீடும்

மேகப்படத்தை எடுக்கும் செயற்கைக்கோள் புயலின் காற்றை நேரடியாக அளப்பதில்லை. மேகத்தின் வடிவிலிருந்து காற்றின் வேகம் கணிக்கப்படுகிறது. அமெரிக்க வானிலையாளர் வெர்னான் டுவோராக் 1970களில் வகுத்த முறையில், சுருள் வடிவ மேகப்பட்டை மையத்தை எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறது, புயலின் நடுவே உள்ள அமைதியான ‘கண்’ எவ்வளவு வெப்பமாகவும் அதைச் சூழ்ந்த மேக உச்சி எவ்வளவு குளிராகவும் உள்ளது என்பவற்றைக் கொண்டு, 1 முதல் 8 வரை அரை அரையாக ஒரு ‘டி’ எண் தரப்படுகிறது. 4 என்றால் காற்றின் வேகம் 65 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.), 5 என்றால் 90 நாட். ஒரே படத்துக்கு இரு வல்லுநர்கள் அரை எண் வேறுபடுவது சாதாரணம். அந்த அரையே இங்கே 12 நாட்டுக்குச் சமம்.

விமானமோ கண்ணைச் சூழ்ந்த மேகச் சுவரான கண்சுவரை ஊடுருவிச் செல்கிறது. அதிலிருந்து போடப்படும் டிராப்சோண்டு என்னும் அளவீட்டுக் கருவி, சிறு பாராசூட்டில் இறங்கியபடியே அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம், காற்று ஆகியவற்றைக் கடல்மட்டம் வரை அளந்து அனுப்புகிறது. 1979இல் டிப் சூறாவளியின் மையத்தில் 870 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் பதிவானது இப்படித்தான். மைய அழுத்தத்துக்கு இதற்கு நிகரில்லை என்பேன். உச்சக் காற்றுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன், ஏனெனில் கருவி விழுந்த இடத்தில்தான் காற்று உச்சத்தில் வீசியது என்பதற்கு உறுதியில்லை.

தவிர, மேற்குப் பசிபிக்கில் அமெரிக்க விமானங்களின் வழக்கமான புயல் பயணம் 1987இல் நின்றுபோனது. அதன்பின் அங்கே பெரும்பாலும் டுவோராக் எண்ணே துணை.