பொதுச் சுத்திகரிப்பு நிலையம்: தண்ணீர் நன்று, பிரைனைச் சோதித்து வாங்குங்கள்

பட்டறைகளின் சாயக்கழிவை வாங்கிச் சுத்திகரித்து, தண்ணீரையும் பிரைன் என்ற உப்புக் கரைசலையும் திருப்பித் தருவது பொதுச் சுத்திகரிப்பு நிலையம். திருப்பூரில் எந்தச் சாயப்பட்டறையும் இந்தச் சேவையை ஆசைப்பட்டு வாங்கவில்லை. நொய்யலில் விட்ட சாயத்தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே வெள்ளாமை கெட்டு, வழக்காகி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீர் சொட்டும் வெளியேறக் கூடாது என்ற 'ஜீரோ டிஸ்சார்ஜ்' விதி காகிதத்தை விட்டு இறங்கியது.

மெம்பரேன் என்ற சவ்வில் உப்பைப் பிரித்துத் திரும்பி வரும் ஆர்.ஓ. தண்ணீரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடினத்தன்மை கிட்டத்தட்ட இல்லாததால் லாரித் தண்ணீரைவிடத் துணியின் நிற ஷேடு சீராக வருகிறது. அனுப்பும் கழிவுக்கு லிட்டர் கணக்கில் பில் என்பதால், ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் தண்ணீர் (1:10) கேட்ட வின்ச் மெஷின்களைத் தூக்கிவிட்டு, ஆறு லிட்டரில் (1:6) முடிக்கும் சாஃப்ட்ஃப்ளோ மெஷின்களுக்கு மாறியவர்கள் ஏராளம். ஆற்றின் மேல் வந்த பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மீட்டர் ஓடுகிறது, அவ்வளவுதான்.

பிரைன்தான் கவனிக்க வேண்டிய சரக்கு. சோடியம் சல்ஃபேட் (கிளாபர் உப்பு) போட்டுச் சாயமிட்டால் அந்த உப்பு இந்தக் கரைசலாகவே திரும்புகிறது. லிட்டருக்கு 100 கிராம் உள்ள பிரைனில், 60 கிராம் கேட்கும் ஷேடுக்கு 600 மில்லி பிரைன், 400 மில்லி தண்ணீர். கணக்கு சுலபம், காரத்தன்மைதான் வில்லன். முந்தைய பாத்தின் (சாயக் கரைசலின்) சோடா மிச்சமிருந்தால், சாயம் துணி முழுக்கப் பரவும் முன்பே பிடித்துக்கொண்டு திட்டுத்திட்டாக நிற்கும். ஒவ்வொரு லோடிலும் கடினத்தன்மை, காரத்தன்மை, நிறம் மூன்றையும் பார்த்து, தேவைப்பட்டால் ஆசிட் விட்டு நடுநிலைக்குக் கொண்டுவந்த பிறகே மெஷினில் ஏற்றுங்கள். வெளிர் நிறங்களுக்குப் பிரைனைத் தொடாமலிருப்பது நல்லது.

மெம்பரேன் அடைத்துக்கொண்டால் எல்லோரும் நிலையத்தைத் திட்டுகிறார்கள். பாதிக் குற்றம் பட்டறையில் இருக்கிறது: பஞ்சு வடிகட்டி வைக்காமல் விடுவது, சிலிகான் சாஃப்ட்னர் பாத்தைக் கழிவோடு கலப்பது, ஆறாத கொதிநீரைக் குழாயில் தள்ளுவது. இவற்றால் மெம்பரேன் கழுவும் நாட்கள் கூடும், அந்தச் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

சேவை சறுக்கும் இடம் கடைசிக் கட்டம். மெம்பரேனைத் தாண்டாமல் மிஞ்சும் உப்புநீரான ஆர்.ஓ. ரிஜெக்ட்டை ஆவியாக்கிக் குளிர்விக்கும்போது கிளாபர் உப்பு தனியே படிந்துவிடுகிறது. 32 டிகிரிக்குக் கீழே அதன் கரைதிறன் வேகமாகச் சரிவதே காரணம். மிஞ்சுவது குளோரைடும் சல்ஃபேட்டும் சாய எச்சமும் கலந்த உப்பு. விற்க முடியாது, காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும், மூட்டை மூட்டையாக ஷெட்டில் ஏறிக்கொண்டே போகும். திரவம் வெளியேறக் கூடாது என்ற விதி வந்ததும் தண்ணீருக்கு வழி கண்டுபிடித்தவர்கள், இந்த மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போட்டதோடு நிறுத்திக்கொண்டார்கள். இதை ஆவியாக்கும் ஈவாப்பரேட்டருக்கு நீராவி தர எரியும் விறகைப் பற்றியும் பேச்சில்லை.

நிலையத்தில் புதிதாகப் பங்கு வாங்குகிறவர்கள் ஆர்.ஓ. அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். உப்பு ஷெட்டில் இன்னும் எத்தனை மாதத்துக்கு இடம் இருக்கிறது என்று கேளுங்கள்; நிரம்பினால் புது ஷெட்டுக்கான பங்குத்தொகை உங்களிடமும் வரும்.