லேபிள் இல்லாத ‘மூலிகை கிரீம்’: குழந்தைக்குப் பூசிவிடாதீர்கள்

குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழியில் குடியிருப்பவர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்கே மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் மழை கொட்டுகிற ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று எங்கள் வாசலில் புழுதியை வாரி இறைக்கும். கொடியில் போட்ட துணியைக் காயவைக்கிற வேகத்தில் பிள்ளைகளின் தோல் ஈரத்தையும் உறிஞ்சிவிடும்.

போன ஆடியில் என் மூன்று வயது மகளுக்குக் கன்னங்கள் சொரசொரத்துச் செதில் எழும்பின. முழங்கை மடிப்பில் அரிப்பு. இரவெல்லாம் சொறிந்து அழுதாள்.

நாகர்கோவிலில் ஒரு கடையில் கிரீம் கொடுத்தார்கள். வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. மூடியில் பேனாவால் ‘குழந்தை’ என்று மட்டும் எழுதியிருந்தது. தயாரித்த தேதி இல்லை, உரிம எண் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. விலை 250 ரூபாய். “சுத்த மூலிகை மக்களே, மூன்றே நாளில் தெரியும்” என்றார் கடைக்காரர். பில் கேட்டதற்குச் சிரித்து மழுப்பினார். அப்போதே திரும்பியிருக்க வேண்டும்.

மூன்றே நாளில் கன்னம் வழவழவென்று ஆகிவிட்டது. அந்த வேகத்தில்தான் ஏமாந்தேன். பூசுவதை நிறுத்தினால் இரண்டு நாளில் முன்னைவிடச் சிவந்து எரியும், மறுபடி பூசுவேன். இப்படியே ஐந்து வாரம் போனது. ஒரு காலையில் ஜன்னலோரம் உட்காரவைத்துத் தலை பின்னும்போது கண்டேன்: கன்னத்துத் தோல் வெங்காயச் சருகுபோல் மெலிந்து, அடியில் சிவப்பு நூலிழைகளாக ரத்தக் குழாய்கள் தெரிந்தன. காதோரம் பூனை முடி வேறு.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். வீரியமான ஸ்டீராய்டு (அரிப்பையும் சிவப்பையும் வேகமாக அடக்கும் மருந்து) கலந்த கிரீமை நெடுநாள் பூசினால் இப்படித்தான் ஆகும் என்றார் மருத்துவர். குழந்தையின் தோல் மெல்லியது, எடையோடு பார்த்தால் பரப்பும் அதிகம். பூசுவது உடலுக்குள்ளும் கூடுதலாக இறங்கும். மருத்துவர் எழுதித் தந்து, அளவோடு, சில நாள் பூசினால் ஸ்டீராய்டு நல்ல மருந்துதான். சீட்டு இல்லாமல் அதை விற்கக் கூடாது என்று 2018இல் விதி கடுமையாக்கப்பட்டது. அதை மூலிகை என்று சொல்லி ஒரு பச்சைப்பிள்ளைக்கு விற்பது கொடுமை. மீதி கிரீமை மருந்து ஆய்வாளரிடம் புகாரோடு கொடுத்திருக்கிறேன். பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. கடைக்காரரோ, “உங்கள் பிள்ளைக்கு உடம்பில் சூடு” என்கிறார்.

அவளுக்குத் தேவைப்பட்டது மிக எளியது. வெதுவெதுப்பான நீரில் ஐந்து, பத்து நிமிடக் குளியல். பயத்தம்மாவு போட்டுத் தேய்ப்பதையும் மணமுள்ள சோப்பையும் விட்டுவிட்டோம். துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் மணமில்லாத மாய்ஸ்சரைசர். காற்றில் வெளியே கூட்டிப்போகும் முன் கன்னத்தில் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி. உள்ளே பருத்திச் சட்டை. அரிப்பு நன்றாகவே குறைந்திருக்கிறது. கன்னத்துச் சிவப்பு இழைகள் மட்டும் இன்னும் முழுதாக மறையவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு டப்பா இருந்து, பல நாள் பூசியிருந்தால், நீங்களாக எதுவும் முடிவு செய்யாமல் டப்பாவோடு தோல் மருத்துவரிடம் போங்கள். கழுவி எறிந்துவிடாதீர்கள், என்ன பூசினோம் என்று காட்ட அது வேண்டும்.